மேக்னெட்டோவோடு 16 வருடம்: என் பிஎஸ்ஏ ஏ10 அனுபவம்

2008-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பக்கத்தில் ஒரு பெரியவரின் கொட்டகையிலிருந்து 1958 மாடல் பிஎஸ்ஏ ஏ10 கோல்டன் ஃப்ளாஷ் மோட்டார் சைக்கிளை வாங்கினேன். 646 சிசி, இரட்டைச் சிலிண்டர், பர்மிங்காம் ஸ்மால் ஹீத் ஆலையில் செய்தது. பணத்தைக் கொடுத்துவிட்டுச் சாவிக்காகக் கையை நீட்டினேன். சாவியா, அப்படி ஒன்று இந்த வண்டிக்குக் கிடையாதே என்று சிரித்தார்.

உண்மைதான். சிலிண்டர்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் லூகாஸ் கே2எஃப் மேக்னெட்டோ, அதாவது பிளக்குக்குப் பொறி தரும் கருவி, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பேட்டரியும் டைனமோவும் விளக்குக்கும் ஹாரனுக்கும்தான். அணைக்க ஒரு பொத்தான் உண்டு. அது மேக்னெட்டோவின் மின்சாரத்தை வண்டியின் உடம்போடு சேர்த்துவிடும், அவ்வளவுதான். உதைக்கத் தெரிந்த திருடனுக்கு இதைவிட வசதி வேண்டாம்.

முதல் இரண்டு கோடைகளும் இந்த வண்டி என்னை அழவைத்தது. காலையில் இரண்டாவது உதையில் கிளம்பும். 40 மைல் ஓட்டிவிட்டுப் பெட்ரோல் போட நிறுத்தினால் அவ்வளவுதான், எத்தனை உதைத்தாலும் மூச்சுவிடாது. அரை மணி நேரம் பங்க் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். ஓடும்போது ஒரு தடவைகூடத் திணறியதில்லை. அதனால் பழியைக் கார்ப்பரேட்டர் மேல் போட்டேன். ஜெட் மாற்றினேன், ஃப்ளோட் மாற்றினேன், வெப்பம் ஏறக்கூடாதென்று நடுவே தடுப்பு வைத்தேன். ஒரு சீசன் முழுக்க இப்படியே போனது.

குற்றவாளி மேக்னெட்டோவுக்குள் இருந்த கண்டென்சர். பாயிண்ட் (மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் தொடுமுனைகள்) திறக்கும் நொடியில் அங்கே பாயும் மின்சாரத்தை அது உள்வாங்கிக்கொண்டால்தான் காந்தப்புலம் சட்டென்று சரிந்து பிளக்கில் பொறி விழும். இந்த மேக்னெட்டோவில் அதைச் சுழலும் ஆர்மேச்சருக்குள்ளேயே, அதாவது கம்பிச் சுருள் சுற்றிய உருளைக்குள்ளேயே, புதைத்து வைத்திருக்கிறார்கள். பழைய காகிதக் கண்டென்சர் ஐம்பது வருடத்தில் ஈரம் குடித்துக் கசிய ஆரம்பிக்கும், சூடேறினால் கசிவு கூடும். வண்டியை நிறுத்தியதும் சிலிண்டர் சூடு மெல்லப் பின்னால் பரவி மேக்னெட்டோவுக்குள் இறங்குகிறது.

மேக்னெட்டோவின் பொறி வேகத்தோடு வலுக்கும். காயில் வண்டியில் (பேட்டரியிலிருந்து காயில் வழியே பொறி எடுப்பது) உதைக்கும்போதும் நல்ல பொறி கிடைக்கும், பேட்டரி இருக்கிறதே! மேக்னெட்டோவுக்கோ எஞ்சின் வேகத்தில் பாதிதான் சுழற்சி. நாம் உதைக்கும் வேகத்தில் அது தரும் பொறியே சொற்பம். கண்டென்சர் கொஞ்சம் கசிந்தாலும் அந்தச் சொற்பமும் போய்விடும். 3,000 ஆர்பிஎம்மில் அதே கண்டென்சர் குறையைக் காட்டாது. அதனால்தான் ஓடும்போது நான் ஏமாந்தேன்.

2010-இல் சுருளைப் புதிதாகச் சுற்றி மலிவாக ரீவைண்டிங் செய்து தரும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். 14 மாதத்தில் அதே நோய் திரும்பியது. என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க நானே பிரித்தேன், அங்கே என் முட்டாள்தனம். மேக்னெட்டோ உடம்பின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது, உபரி மின்னழுத்தம் தப்பிப்போகும் வழி அது. அதன் நுனி உள்ளே, பிளக் வயர்களுக்கு மின்சாரம் கடத்தும் ஸ்லிப் ரிங் ஓரம்வரை நீண்டிருக்கும். அதையும் எர்த் பிரஷ்ஷையும் (மின்சாரத்தை உடம்புக்குக் கடத்தும் கார்பன் துண்டு) கழற்றாமல் ஆர்மேச்சரை இழுத்தேன். ‘டக்’ என்றது. ஸ்லிப் ரிங் காலி. பிரிக்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள்.

பழைய சுருள்களுக்குக் காப்பாகப் பூசியிருப்பது அரக்கு. சூட்டில் இளகி வெளியே தெறித்து, ஆறியதும் ஆர்மேச்சரையே ஒட்டிப் பிடித்துவிடும். பாண்டவர்களுக்கு அரக்கு மாளிகை, நமக்கு இது. என் வண்டியிலும் அந்தப் பழுப்புக் கசடு இருந்தது. 2011-இல் வேறொருவரிடம் எபாக்சி பூசிய புதுச் சுருள், வெப்பம் தாங்கும் கண்டென்சர், புது பேரிங் எல்லாம் போட்டு, காந்தத்துக்கும் மறுபடி சக்தி ஏற்றி வாங்கினேன். 380 பவுண்டு. அன்று வலித்தது. ஆனால் அதற்குப் பிறகு 24,000 மைல் ஓடிவிட்டது, சூட்டில் கிளம்பாமல் ஒருநாளும் நின்றதில்லை.

பராமரிப்பு அதிகமில்லை. பாயிண்ட் இடைவெளி 0.30 மி.மீ., பிளக் இடைவெளி 0.5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. வருடம் ஒருமுறை பிளக் வயர் செருகும் பிடியைக் கழற்றி, பென்சிலில் மெல்லிய துணி சுற்றிப் பெட்ரோலில் லேசாக நனைத்து, ஸ்லிப் ரிங் மேல் வைத்து எஞ்சினைச் சுற்றினால் கார்பன் தூசி வந்துவிடும்.

டைமிங், அதாவது பொறி விழும் நேரம், வைப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். வேகம் கூடும்போது பொறியை முந்தவைக்கும் அட்வான்ஸ் எடைகளை மரச்சில்லு வைத்து முழுதாக விரித்து, பிளக் துளையில் கம்பி விட்டு பிஸ்டன் இடத்தைக் குறித்து, பாயிண்டுக்கு நடுவே சிகரெட் தாளை வைத்து மெல்ல இழுக்க வேண்டும். தாள் நழுவும் இடம்தான் பொறி விழும் இடம். பிறகு போல்ட்டை இறுக்கும்போது எல்லாம் நகர்ந்துவிடும், திரும்ப முதலிலிருந்து! எனக்கு நாலு தடவை ஆனது.

ஒரு சிலிண்டருக்குச் சரியாக வைத்தால் அடுத்ததற்கும் சரி என்று நம்பாதீர்கள். பாயிண்டைத் திறக்கவைக்கும் கேம் வளையத்தில் இரண்டு மேடுகள், சிலிண்டருக்கு ஒன்று. என் வளையத்தில் அவை நேரெதிரே இல்லை. கிராங்கில் அளந்தால் 4 டிகிரி வித்தியாசம். எண்ணெய்க் கல்லால் ஒரு மேட்டைத் துளித்துளியாகத் தேய்த்துச் சரிசெய்தேன். அப்புறம்தான் ஐடிலிங்கில் இருந்த அந்த நொண்டல் போனது.

லூகாஸ் கம்பெனியின் மின்சாதனங்கள் என்றாலே ‘இருட்டின் இளவரசன்’ என்று இங்கே கிண்டல் செய்வார்கள். மேக்னெட்டோவுக்கு அது பொருந்தாது என்பது என் கட்சி. 2016-இல் வேல்ஸ் மலைப்பாதையில் டைனமோ படுத்துக்கொண்டது, பேட்டரியும் செத்தது. பகல் வெளிச்சம் இருக்கும்போதே 130 மைல் ஓட்டி வீடு வந்தேன். காயில் வண்டியாக இருந்தால் லாரியில்தான் வந்திருக்கும்.

பிஎஸ்ஏவே 1962-இல் ஏ65 என்ற அடுத்த மாடல் வந்தபோது காயிலுக்கு மாறிவிட்டது. இப்போது மேக்னெட்டோ வடிவத்துக்குள் எலெக்ட்ரானிக் பொறி வைத்தும் விற்கிறார்கள்; ஓட்டிப் பார்த்தேன், முதல் உதையிலேயே கிளம்புகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்காமல் அதை வாங்கலாம். எனக்கு இன்னும் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த மார்ச்சில் மூடியைத் திறந்தால் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு. எஞ்சினுக்கும் மேக்னெட்டோவுக்கும் இடையில் உள்ள சீல் தேய்ந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் கழற்றலாம் என்று துடைத்து மூடிவிட்டேன். சிகரெட் தாள் கட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.