ஐப்பசி மழைக்கு எந்த டார்ச்?

மார்கழியில்கூடத் தஞ்சாவூர்ப் பக்கம் பகல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம் இருக்கும். நம்மை இருட்டில் தள்ளுவது அடைமழையும் கரண்ட் கட்டும்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு, பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. அதனால் டார்ச் வாங்கும்போது டப்பாவில் எத்தனை லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று பார்க்கிறதுக்கு முன்னால், கரண்ட் போய் மூணாவது ராத்திரியும் இது எரியுமா என்று யோசியுங்கள்.

அந்தக் கேள்வியில் முதலில் தோற்றுப்போவது, கடைத்தெருவில் அதிகம் விற்கிற பிளக் டார்ச். பின்னால் இழுத்தால் ரெண்டு பின் வரும், சுவரில் நேரே சொருகலாம், விலையும் சல்லிசு. மலிவானவற்றில் உள்ளே இருப்பது பெரும்பாலும் 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையில் மாசக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து அது செத்துப்போகும். சித்திரையில் பரணில் போட்டதை ஐப்பசியில் எடுத்தால் ரெண்டு நிமிஷம் மினுக்கிவிட்டு அணையும். மாசம் ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் உழைக்கும். எந்த வீட்டில் ஏற்றுகிறோம்?

பெரிய பேட்டரிக் கட்டை போடுகிற ரெண்டு கட்டை டார்ச்சைப் பழசு என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு வீட்டு டார்ச் என்றால் இன்றைக்கும் அதுதான். இழை பல்பு போய் எல்இடி வந்த பிறகு, அதே ரெண்டு கட்டை முன்பைவிடப் பல மடங்கு நேரம் தாங்குகிறது. தீர்ந்தாலும் கரண்ட் இல்லாத ஊரின் பெட்டிக்கடையில் கட்டை கிடைக்கும். கனம் ஒரு குறை. பெரிய குறை, கட்டை ஒழுகுவது. சாதாரணக் கட்டையில் துத்தநாகக் கூடே கரைந்துதான் மின்சாரம் வருகிறது. தீர்ந்ததை உள்ளேயே விட்டால் கூடு ஓட்டையாகி, ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்து, மூடியைத் திருகவே முடியாது. தை பிறந்ததும் கட்டையைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள்.

வயலுக்குக் கணக்கு வேறு. சம்பாப் பயிர் இளசாக இருக்கும்போது ராத்திரி மழை கொட்டினால், விடிகிறவரை காத்திருக்க முடியாது. போய் வரப்பை வெட்டித் தண்ணீரை வடிய விடணும். ரெண்டு கையும் மண்வெட்டியில் இருக்கும். அங்கே தலையில் மாட்டுகிற லைட்டுக்கு ஈடு இல்லை. ஆனால் அதைப் போட்டுக்கொண்டே வரப்பில் நடப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே போவதால் நிழல் கண்ணில் படாது, தரை தட்டையாகத் தெரியும். டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்து முன்னால் சாய்த்து அடித்துப் பாருங்கள்: நண்டு வளை, கோரைத்தட்டு, வழுக்குகிற சேறு எல்லாம் நிழலோடு எழும்பித் தெரியும். எலிக்காக வந்து சுருண்டு கிடக்கிற கண்ணாடி விரியனும் அப்படித்தான் கண்ணில் படும். மார்கழிப் பனியிலும் தாழப் பிடிப்பதே நல்லது. நெற்றி லைட் அடித்தால் பனி வெள்ளைச் சுவராக எதிரே நிற்கும்.

பூச்சி இன்னொரு தொல்லை. தீபாவளியை ஒட்டிப் பச்சைத் தத்துப்பூச்சி வெளிச்சத்துக்குக் கூட்டமாக வரும். நெற்றியில் லைட் எரிந்தால் கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் அதுதான். ஆகவே நடக்கக் கை லைட், வெட்டத் தலை லைட்.

அந்தக் கை லைட் எது என்றால், லித்தியம் செல் போட்ட உலோக டார்ச்சைச் சொல்வேன். கைக்கு அடக்கம், போன் சார்ஜரிலேயே ஏறும், பவர் பேங்க் இருந்தால் புயல் நாளிலும் சமாளிக்கலாம். 18650 என்கிற செல் 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதை எம்ஏஎச் என்று போட்டிருப்பார்கள்; இந்த அளவில் நல்ல செல்லே 3,500 எம்ஏஎச் பக்கம்தான். 9,900 என்று அச்சடித்திருந்தால் கடைக்காரரிடம் சிரித்துவிட்டு நகருங்கள். தண்ணீர் விஷயத்தில், எவ்வளவு நனையத் தாங்கும் என்பதற்கான குறியீட்டைப் பாருங்கள்: ஐபிஎக்ஸ்4 என்றால் தூறல், தெறிப்புக்குத் தாங்கும். வாய்க்காலில் விழுந்தாலும் பிழைக்க ஐபிஎக்ஸ்7 வேண்டும், அது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம் வரைக்குமான கணக்கு.

ஜூம் வைத்தது தூரத்து மோட்டார் கொட்டகையைப் பார்க்க ஆகும், காலடிக்கு ஆகாது. ஒளிவட்டம் சின்னதாகி, பக்கத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

போன் லைட்? திண்ணையில் செருப்புத் தேட, ஃபியூஸ் போட, போதும். வயலுக்கு அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நனைந்த கையில் வழுக்கும், வெளிச்சம் நாலடி தாண்டாது. ஏதாவது கடித்துவிட்டால் 108-ஐக் கூப்பிட அதே போனில்தான் சார்ஜ் மிச்சம் இருக்கணும்.