பனியை விடுங்கள், முட்களைப் பாருங்கள்: கிராண்ட் செய்கோ ‘ஸ்னோஃப்ளேக்’ இரண்டு ஆண்டு அனுபவம்

எல்லோரும் இந்த ஜப்பானியக் கைக்கடிகாரத்தின் பனி போன்ற டயலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் இதை முட்களுக்காக வாங்கினேன். இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் கட்டிய பிறகும் அந்தக் கருத்து மாறவில்லை.

கோவையில் ஒரு டூல் ரூமில் 36 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். சர்பேஸ் கிரைண்டரும் லேப்பிங்கும் என் தொழில். இரும்பின் முகம் சமமாக இருக்கிறதா என்று அளக்க எத்தனையோ கருவிகள் உண்டு. ஆனால் மெருகேற்றிய டையைக் கையில் எடுத்ததும் நாங்கள் முதலில் செய்வது, அதை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடிப்பதுதான். விளக்கின் பிம்பம் அதில் கோடு போட்டது போல நேராக விழ வேண்டும். எங்காவது நெளிந்தால், அந்த இடத்தில் கை கூடுதலாக அழுத்தியிருக்கிறது என்று பொருள். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, புதிய கிரைண்டிங் இயந்திரம் ஒன்றைப் பார்த்து வர நிறுவனம் என்னை ஜப்பானுக்கு அனுப்பியது. வேலை முடிந்த பிறகு டோக்கியோவில் ஒரு நாள் மிச்சம் இருந்தது. கின்சாவில் ஒரு கடைக்குள் போய், இந்தக் கடிகாரத்தைக் கையில் வாங்கி, கூரை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தேன். அதன் கூட்டின், அதாவது வெளி உலோக உடலின், பக்கவாட்டில் விளக்கு நெளியவே இல்லை.

விற்பனையாளர் நான் என்ன செய்கிறேன் என்று புரிந்துகொண்டார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், பத்து மடங்கு பெரிதாக்கும் கண்லென்ஸ் ஒன்றை எடுத்து வந்து என் முன்னே வைத்தார். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை. இதற்கு முன்பு சென்னையில் ஒரு கடையில், “செய்கோவுக்கா சார் இவ்வளவு பணம் கொடுக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டு, பக்கத்து அலமாரியில் இருந்த சுவிஸ் கடிகாரத்தை எடுத்து நீட்டினார்கள். இரண்டு கடைகளையும் மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன்: இந்தக் கடிகாரத்தை வாங்க நினைப்பவர்கள், நின்று பார்க்க விடுகிற கடையாகத் தேடிப் போங்கள். கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்தால் இதில் பாதி தெரியாது.

கூட்டின் மெருகுக்கு ‘ஸராட்சு’ என்று பெயர். பழைய ஐரோப்பிய மெருகு இயந்திரம் ஒன்றில் பொறித்திருந்த ‘சல்லாஸ்’ என்ற பெயர்தான் ஜப்பானியர் வாயில் இப்படி ஆனது. சுழலும் தட்டின் விளிம்பில் தேய்க்காமல், அதன் தட்டையான முகத்தில் கூட்டைக் கையால் பிடித்துத் தேய்க்கிறார்கள். சொல்லும்போது எளிது. ஸ்லிப் கேஜ் என்னும் துல்லிய அளவுக்கட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று நழுவவிட்டு ஒட்ட வைத்துப் பழகியவர்களுக்குத்தான், சமமான முகம் என்பது எவ்வளவு கடினமான சொல் என்று தெரியும். அதிலும் இங்கே வேலை டைட்டானியத்தில். கல்லில் அப்பிக்கொள்ளும், சூட்டைக் கடத்தாமல் வைத்துக்கொள்ளும் பிடிவாதமான உலோகம் அது. அதில் கண்ணாடி போன்ற முகமும், பக்கத்திலேயே நூல் பிடித்தாற்போல் கோடு இழுத்த முகமும் சந்திக்கும் விளிம்பு மழுங்காமல் நிற்கிறது.

முட்கள் வேறு முறையில் செய்யப்படுபவை. வைர முனையால் சீவப்பட்டவை. நிமிட முள்ளின் ஓரத்தில் மெல்லிய சரிவு ஒன்று ஓடுகிறது. அந்தச் சரிவு வேர் முதல் நுனி வரை ஒரே அகலத்தில் போய், நுனியில் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பிசிறு இல்லை. எங்கள் பட்டறையில் பிசிறு எடுக்கவென்றே ஒருவர் இருந்தார். அவரிடம் காட்டியிருந்தால் அன்று முழுவதும் வேறு பேச்சே பேசியிருக்க மாட்டார். இந்தக் கடிகாரத்தில் இருளில் ஒளிரும் பூச்சு கிடையாது. ஆனாலும் தூக்கம் கலைந்த விடியலில், ஜன்னலில் லேசான வெளிச்சம் வந்தாலே போதும், ஏதோ ஒரு சரிவு அதைப் பிடித்து மணியைக் காட்டிவிடுகிறது.

டயலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவார்கள். இதைச் செய்யும் பட்டறை நாகானோ மாநிலத்தின் ஷியோஜிரியில் இருக்கிறது. அந்த மலைகளில் காற்று வீசி வரிவரியாகப் படியும் பனியைப் பார்த்துச் செய்தது இந்த மேற்பரப்பு. வெள்ளைச் சாயம் அல்ல, வெள்ளி முலாம். அதனால்தான் வெயிலில் ஒரு நிறமாகவும் மழை நாளில் வேறு நிறமாகவும் இருக்கிறது. அழகுதான். ஆனால் நான் பனியைப் பார்த்தவன் அல்லன். எனக்கு அது கையால் செய்த சொரசொரப்பான தாளை நினைவூட்டுகிறது.

இனி எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்கு வருகிறேன்.

ஆர்.எஸ்.புரத்தில் நாங்கள் நான்கைந்து பேர் மாதம் ஒருமுறை காபிக்குக் கூடுவோம். எல்லோருக்கும் கடிகாரப் பித்து, ஒருவர் ரசனை இன்னொருவருக்கு ஆகாது. ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் கையில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். சஃபையர் கண்ணாடி வைத்ததும் கிடைக்கும். அவர் வேண்டுமென்றே ஹெசலைட் என்னும் பிளாஸ்டிக் கண்ணாடி வைத்ததைத்தான் வாங்கினார். நிலவுக்குப் போனது அதுதான், உடைந்தாலும் சில்லு சில்லாகச் சிதறாது. தினமும் காலையில் கையால் சாவி கொடுப்பார். 1970இல் அப்போலோ 13 விபத்துக்குள்ளானபோது, பாதையைத் திருத்த இயந்திரத்தை 14 விநாடிகள் எரித்ததை விண்வெளி வீரர்கள் இந்த வகைக் கடிகாரத்தில்தான் அளந்தார்கள் என்பதை அவர் சொல்லி நான் இருபது முறையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் அவர் கண் கலங்குகிறது. அவருக்குக் கடிகாரம் என்றால் அது எங்கே போய் வந்தது என்பதுதான்.

அவர் என் கடிகாரத்தை முதன்முதலில் பார்த்ததும் சொன்னார்: “தம்பி, அழகாக இருக்கிறது. ஆனால் உள்ளே குவார்ட்ஸ் இருக்கிறதே. அப்புறம் எப்படி இது இயந்திரக் கடிகாரம்?”

இந்தக் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். இதில் பேட்டரி கிடையாது. சுருள்வில் ஒன்று விரிகிறது, பல்சக்கரங்கள் ஓடுகின்றன. இதுவரை எல்லா இயந்திரக் கடிகாரங்களையும் போலத்தான். வழக்கமான கடிகாரத்தில் கடைசிச் சக்கரத்தை ஒரு கொண்டி தடுத்துத் தடுத்து விடும். அந்தத் தட்டல்தான் நமக்கு ‘டிக் டிக்’. ஆசிரியரின் ஸ்பீட்மாஸ்டரில் விநாடிக்கு ஆறு தட்டல். இதில் அந்தக் கொண்டியே இல்லை. கடைசிச் சக்கரம் விநாடிக்கு எட்டுச் சுற்று சுற்றுகிறது. அது சுற்றுவதாலேயே மிகச் சிறிதளவு மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரத்தில் குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்து, சக்கரம் வேகமாக ஓடினால் காந்தத்தால் பிடித்து இழுக்கச் சொல்கிறது. தொடாத பிரேக். அதனால் விநாடி முள் தட்டித் தட்டிப் போகாமல் எண்ணெய் வழிவது போல நகர்கிறது. நீல நிறத்தில் சூடேற்றிய முள் அது, வெள்ளை டயலின் மேல் ஒரே சீராகப் போகும். நன்றாகச் சரிசெய்து வைத்த கிரைண்டரின் மேஜை கல்லுக்குக் கீழே நழுவுவதை மணிக்கணக்கில் பார்த்து நின்றவன் நான். அதே நழுவல் இது.

இதை முதலில் எண்ணியவர் யோஷிகாசு அகஹானே என்ற பொறியாளர். 1977இல் தோன்றிய எண்ணம். 600க்கும் மேற்பட்ட மாதிரிகள் செய்து பார்த்தார்கள். 1999இல்தான் கடைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் காலமாகிவிட்டார். ஒரு மனிதன் இருபது ஆண்டுகள் ஒரே சக்கரத்தின் வேகத்தோடு போராடியிருக்கிறான். அதைத் ‘தூய்மை இல்லாதது’ என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1969 டிசம்பர் 25 அன்று உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான அஸ்ட்ரானை விற்பனைக்கு விட்டதும் இதே செய்கோதான். அந்த அடியில் சுவிஸ் தொழிலே ஆட்டம் கண்டது. சுவிஸ் ரசிகர்களில் பலருக்கு அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை என்று நினைக்கிறேன்.

ஆசிரியர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, ஒரு நிமிடம் முழுவதும் அந்த முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்.

என் மைத்துனர் வேறு வகை. ரோலக்ஸ் எக்ஸ்புளோரர், 36 மில்லிமீட்டர். தேதி இல்லை, 3, 6, 9 என்று மூன்றே எண்கள், கறுப்பு டயல். இடையில் அந்த நிறுவனம் 39 மில்லிமீட்டராகப் பெரிதாக்கியது. 2021இல் மீண்டும் 36க்குத் திரும்பியபோதுதான் வாங்கினார். “மாப்பிள்ளை, டயலில் தேதி எதற்கு? சாவி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அந்தச் சின்ன முள் எதற்கு? பனி பெய்த தரையில் யாரோ ஸ்பீடாமீட்டரைப் போட்டுவிட்டுப் போனது மாதிரி இருக்கிறது” என்கிறார். இந்த வாதத்துக்கு முன் நான் கொஞ்சம் தடுமாறுகிறேன். எட்டு மணிக்கு அருகில் இருக்கும் அந்தக் காட்டி டயலின் அமைதியைக் கெடுக்கத்தான் செய்கிறது. முழுச் சாவிக்கு 72 மணி நேரம் ஓடும் கடிகாரம், கையிலேயே இருந்தால் தானாகச் சாவி ஏறிக்கொள்ளும். தினமும் கட்டுபவனுக்கு அந்தக் காட்டி தேவையே இல்லை. அதைப் பின்பக்கம் வைத்திருந்தால் நானும் மகிழ்ந்திருப்பேன். தேதி எனக்கு வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அளவிலும் மைத்துனர் சொல்வது பாதி சரி. இதன் குறுக்களவு 41 மில்லிமீட்டர், தடிமன் 12.5. சட்டையின் கைப்பொத்தானைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போகிறவர்களுக்கு அந்தத் தடிமன் உறுத்தும். ஆனால் எடை, சங்கிலியோடு சேர்த்து 100 கிராம்தான். கட்டிய பத்தாவது நிமிடம் மறந்துவிடும். எஃகுக் கடிகாரத்தின் கனத்தைத்தான் ‘விலை உயர்ந்தது’ என்று கை பழகியவர்களுக்கு, இந்த லேசு ஏமாற்றமாகத் தோன்றலாம். எங்கள் கூட்டத்தில் ஒருவர் கையில் வாங்கியதுமே “பொம்மை போல இருக்கிறதே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கனம்தான் வேண்டும் என்றால் இந்தக் கடிகாரம் உங்களுக்கு இல்லை.

என் மகள் கட்டடக் கலை படித்தவள். அவளுக்கு இவை எதுவும் கணக்கில் இல்லை. கார்த்தியேயின் ‘டாங்க்’ தவிர மற்றதெல்லாம் வட்டத் தகரம் என்பாள். 1917இல் வரைந்த செவ்வகம் இன்னும் அப்படியே நிற்கிறது என்றால் அதன் விகிதம்தான் காரணம் என்று ஒரு தாளில் போட்டும் காட்டினாள். கோடுகள் எனக்குப் புரிந்தன. ஆசை வரவில்லை.

எனக்கு ஏன் இந்த ஆசை என்று யோசித்தால், பதினெட்டு வயதில் நின்ற ஒரு லேத் நினைவுக்கு வருகிறது. அதன் நெற்றியில் எச்.எம்.டி. என்று வார்த்திருக்கும். பக்கத்தில் நின்று வேலை சொல்லிக் கொடுத்த மேஸ்திரியின் கையிலும் எச்.எம்.டி. கடிகாரம். பெங்களூரில் இயந்திரம் செய்த அதே நிறுவனம் 1961இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து கடிகாரமும் செய்யத் தொடங்கியது. இரும்பைக் கடைவதும் நேரத்தைக் கடைவதும் ஒரே கைவேலை என்று எனக்கு அன்றே பதிந்துவிட்டது. கடிகாரம் எங்கே போய் வந்தது, யார் கட்டினார் என்பதெல்லாம் அதன் பிறகுதான்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். சங்கிலியின் பூட்டில் நுண்ணிய அளவு மாற்றம் கிடையாது. கோடையில் மணிக்கட்டு வீங்கும் நம் ஊரில் இது கவனிக்க வேண்டியது. இந்த விலையில் அது இருந்திருக்க வேண்டும் என்று பல ரசிகர்கள் சொல்வதோடு நானும் உடன்படுகிறேன். நான் ஏப்ரல் முதல் ஜூன் வரை 20 மில்லிமீட்டர் துணி வாரில் கட்டிக்கொள்கிறேன். ஆனால் சங்கிலியைக் கழற்றினால் அழகில் ஒரு பங்கு குறையத்தான் செய்கிறது. டைட்டானியத்தில் கீறல் விழும். என்னுடையதில் பூட்டின் மேல் நிறைய, கூட்டில் இரண்டு. உள்ளூரில் யாரிடமும் மெருகுக்குக் கொடுக்காதீர்கள். அந்தச் சமமான முகம் ஒருமுறை உருண்டுவிட்டால் திரும்பாது. 100 மீட்டர் வரை நீர் தாங்கும், சாவிக் குமிழ் திருகிப் பூட்டுவது. மழைக்கு அஞ்ச வேண்டாம்.

நேரம்: மாதத்துக்கு 15 விநாடிக்குள் என்பது நிறுவனத்தின் வாக்கு. நான் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். முதல் 40 நாளில் 11 விநாடி முன்னே போயிருந்தது. அதன் பிறகு குறிப்பதை விட்டுவிட்டேன்.

விலை, நான் முதலில் வாங்கிய பழைய மாருதியைவிட அதிகம். விழித்த கண்ணோடு கொடுத்த பணம் அது. 2017இல் டயலின் மேலிருந்து ‘செய்கோ’ என்ற பெயரை எடுத்துவிட்டு ‘கிராண்ட் செய்கோ’ என்று மட்டும் வைத்தார்கள். பழைய எழுத்தோடு வந்ததைத் தேடி அலைபவர்களும் உண்டு. எனக்குப் புதியதே பிடித்திருக்கிறது. மேலே எழுத்து, நடுவில் வெற்றிடம், முட்கள் ஓடத் தாராளமான இடம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் ஒரு கண்லென்ஸ் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். முதலில் என் நிமிட முள்ளைப் பார்த்தார். பிறகு அவருடைய ஹெசலைட் கண்ணாடியின் நடுவே, வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவில் பொறித்திருக்கும் ஒமேகா சின்னத்தை எனக்குக் காட்டினார். நான் அதை அதற்கு முன் பார்த்ததில்லை. மிகச் சுத்தமான வேலை.