வெயிலில் பூக்கும் சக்குலண்ட் செடிகள்: சுங்கை பூலோ செடிக்கடைகள் பற்றி ஒரு மதிப்பீடு

கோலாலம்பூரில் பூக்கும் சக்குலண்ட் செடி, அதாவது இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்துவைக்கும் செடி, வாங்க விரும்புகிறவர் பெரும்பாலும் அருகிலுள்ள சுங்கை பூலோவுக்குத்தான் காரைத் திருப்புவார். அங்குச் சாலையோரம் வரிசையாக நிற்கும் செடிக்கடைகள், 1930-இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காகத் தொடங்கிய பூந்தோட்டங்களிலிருந்து வளர்ந்தவை. செடியின் வகைகளிலும் விலையிலும் பேரங்காடிகளின் தோட்டப் பிரிவு இவற்றுக்கு அருகில்கூட வர முடியாது. ஆனால், மார்ச், ஏப்ரல் வெயிலைத் தாங்கி அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் மறுபடியும் பூக்கக்கூடிய செடி வேண்டுமென்றால், இக்கடைகளின் முன்வரிசையைத் தாண்டிப் பின்பக்கம் போக வேண்டும் என்பதே என் கருத்து.

முன்வரிசையில் இருப்பவை கண்ணைப் பறிப்பவைதாம். சிவப்பும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்த கலஞ்சோ, செதுக்கிவைத்த ரோஜா போன்ற எச்செவேரியா, டிசம்பர் நெருங்கினால் கிறிஸ்துமஸ் கள்ளி ஆகியவற்றை அங்கே காணலாம். இவற்றில் பல குளிர்ந்த கேமரன் மலையில் வளர்க்கப்பட்டுக் கீழே கொண்டுவரப்படுபவை. பகல் வெயில்தான் இவற்றைக் கொல்கிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் பெரிய சிக்கல் நம் ஊர் இரவுதான். கலஞ்சோவும் எச்செவேரியாவும் சேர்ந்த குடும்பத்துச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கிச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் அதைக் கொண்டு உணவு தயாரிப்பவை. மெக்சிகோவின் உயர்நிலங்களில் பிறந்த எச்செவேரியாவுக்குக் குளிர்ந்த இரவு பழக்கப்பட்டது. கோலாலம்பூரிலோ நள்ளிரவிலும் வெப்பம் 24, 25 பாகைக்கு அதிகம் கீழே இறங்குவதில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் சுவரை ஒட்டிய பால்கனியில் அதைவிடவும் கூடுதலாகவே இருக்கும். அத்தகைய இரவுகளில் செடி சேர்த்ததைவிடச் செலவழிப்பது மிகுதியாகி, தண்டு நீண்டு, இலைகள் விலகி, வடிவமே குலைந்துவிடுகிறது. இதற்குத் தண்ணீர் மருந்தாகாது, உரமும் மருந்தாகாது.

கலஞ்சோவுக்கு இன்னொரு தடையும் உண்டு. இது நீண்ட இரவு கண்டால்தான் மொட்டு வைக்கும். வளர்ப்பாளர்கள் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குத் தினமும் 14 மணி நேர இருட்டு கொடுத்துப் பூக்கவைக்கிறார்கள். நம் நாட்டிலோ ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய 20 நிமிட வேறுபாடுதான். போதாக்குறைக்கு வரவேற்பறை விளக்கும் தெருவிளக்கும் சேர்ந்து இரவை மேலும் குறைத்துவிடுகின்றன. மாலை ஆறு மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை எட்டு மணிக்குத் திறக்கும் பொறுமை உள்ளவர் வாங்கலாம். மற்றவர்கள் அதைப் பூங்கொத்து வாங்கும் மனநிலையில் வாங்கினால் ஏமாற்றம் இல்லை. ஒரு கடையில் பணியாற்றிய தமிழ் இளைஞர் இதை மறைக்காமல் சொன்னார்: “அது மலையில இருந்து வந்ததுக்கா. இந்தப் பூ முடிஞ்சா வீட்ல திரும்பப் பூக்க வைக்கிறது கஷ்டம்.” விற்க வேண்டிய செடியைப் பற்றி இப்படிச் சொல்பவரிடம் வேறு இரண்டு செடிகளை நம்பி வாங்கலாம், நானும் வாங்கினேன்.

பின்பக்கத்தில்தான் இக்கடைகளின் உண்மையான சிறப்பு இருக்கிறது. பாலைவன ரோஜா எனப்படும் அடீனியம், கிறிஸ்துவின் முள்முடி என்று பெயர்பெற்ற யூபோர்பியா, பத்து மணிப்பூ ஆகிய மூன்றும் அங்கே திறந்த வெயிலில் வைக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் நிழல்வலைக்கு வெளியே துணிந்து வைத்திருக்கும் செடியே நம் பால்கனிக்குப் பொருத்தமானது என்பதை வாங்குபவர் ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். நேர் வெயில் ஆறு மணி நேரமாவது கிடைத்தால் அடீனியம் நன்றாகப் பூக்கும். வெயில் குறைந்தால் இலை மட்டுமே பெருகும். யூபோர்பியாவுக்கு நண்பகல் வெயில் பொருட்டே அல்ல. ஆயினும், வலையின் நிழலிலேயே வளர்ந்த செடியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே மேற்கு வெயிலில் நிறுத்தினால் இலை வெந்து வெளுத்துப்போகும். முதலில் காலை வெயிலுக்குப் பழக்கி, பிறகே சிறிது சிறிதாக மாற்ற வேண்டும்.

கடைகளில் எனக்குப் பிடிக்காதது மண். பெரும்பாலான செடிகள் தேங்காய்நார்த்தூள் மிகுந்த கலவையில் நிற்கின்றன. விற்பவருக்கு அது எடை குறைவு, நீர் ஊற்றும் வேலையும் குறைவு. நமக்கோ ஏப்ரல் மாதத்து மாலை இடிமழைக்குப் பிறகு அது நாள்கணக்கில் ஈரம் தேக்கி, சூட்டில் வேரை அழுகவைக்கும். அதே கடைகளில் சுட்ட மண்ணும் உமிக்கரியும் பொடிக்கல்லும் மலிவாகக் கிடைக்கின்றன; அவற்றைக் கலந்து மண்சட்டியில் மாற்றி நடுவது நல்லது, ஏனெனில் கறுப்பு பிளாஸ்டிக் சட்டி வெயிலில் வேர்ப்பகுதியைச் சுட்டெடுத்துவிடும். தண்ணீரைக் கலவை முற்றிலும் காய்ந்த பின், வெயில் ஏறும் முன் காலையில் ஊற்ற வேண்டும். மெதுவாகக் கரையும் உர மணிகளை வாங்குவோர், பையில் எழுதியிருக்கும் மாதக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. வெப்பம் கூடக்கூட அவை விரைவாகக் கரைவதால் நம் ஊரில் முன்னதாகவே தீர்ந்துவிடும்.

மற்றொரு கடையில் சட்டியின் மேற்பரப்பு முழுவதும் கூழாங்கற்களைப் பசையால் ஒட்டி விற்றார்கள். பார்வைக்கு அழகுதான், ஆனால் தண்ணீர் எவ்வளவு உள்ளே இறங்கியது, மண் காய்ந்ததா என்று விரலை விட்டுப் பார்க்க வழியே இல்லை. அத்தகைய சட்டியைத் தவிர்க்க வேண்டும். அதைவிடக் கவலைக்குரியது, நச்சுத்தன்மை பற்றி எந்தக் கடையிலும் யாரும் வாய் திறக்காதது. யூபோர்பியாவின் பால் தோலையும் கண்ணையும் புண்படுத்தும், அடீனியத்தின் சாறு நஞ்சு, கலஞ்சோவைத் தின்றால் பூனைக்கும் நாய்க்கும் ஆபத்து. தவழும் குழந்தை உள்ள வீடானால் பத்து மணிப்பூவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிறிய யூபோர்பியா பத்து, பதினைந்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கிறது. அடீனியத்தின் விலை அடித்தண்டின் பருமனைப் பொறுத்து ஏறும். அடீனியம் வாங்கும்போது அத்தண்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்: கல்போல் உறுதியாக இருந்தால் வாங்கலாம், ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று அமுங்கினால் உள்ளே அழுகல் தொடங்கியிருக்க வாய்ப்புண்டு. வார இறுதியில் வண்டி நிறுத்த இடம் தேடியே நேரம் போய்விடும் என்பதால் வேலை நாளில் காலையில் செல்வது நல்லது. பணியாளர்களிடம் நின்று கேட்கவும் அப்போதுதான் முடியும். வாங்கிய பின் வேறெங்கும் இறங்காமல் நேரே வீட்டுக்குத் திரும்புங்கள், ஏனெனில் பூட்டிய காரின் சூட்டை முள்முடிச் செடிகூடத் தாங்காது.