திசை சொல்லும் கருதுகோளா, திசை சொல்லாத கருதுகோளா?

உப்பு கலந்த நீர் பயறு விதைகளின் முளைப்பைப் பாதிக்கிறதா என்று ஒரு மாணவர் ஆராய விரும்புகிறார் என்று கொள்வோம். இதற்கான கருதுகோளை அவர் மூன்று விதமாக எழுதலாம். 'நீரில் உப்பின் செறிவு கூடக்கூட, 72 மணி நேரத்தில் முளைக்கும் விதைகளின் விழுக்காடு குறையும்' என்பது திசை சார்ந்த கருதுகோள். 'உப்பின் செறிவுக்கேற்ப முளைப்பு விழுக்காடு மாறுபடும்' என்பது திசை சாராதது. 'உப்பின் செறிவுக்கும் முளைப்பு விழுக்காட்டிற்கும் தொடர்பு இல்லை' என்பது இன்மைக் கருதுகோள்.

மாணவர்களின் ஆய்வேடுகளில் மூன்றாவது வடிவமே பக்கம் பக்கமாக நிரம்பியிருப்பதைக் காணும்போது வருத்தமே மிஞ்சுகிறது. இன்மைக் கருதுகோள் புள்ளியியல் சோதனைக்குத் தேவையான கருவி. மாணவர் எதை எதிர்பார்க்கிறார், ஏன் எதிர்பார்க்கிறார் என்பதை அது சொல்வதில்லை. தரவு அதனை மறுக்கக்கூடும், ஆனால் ஒருபோதும் நிறுவாது என்பதை புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1935இலேயே தெளிவுபடுத்திவிட்டார். ஆகவே, சோதனையில் வேறுபாடு தென்படவில்லை என்பதற்காக 'தொடர்பு இல்லை என நிரூபிக்கப்பட்டது' என்று எழுதுவது தவறு.

உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் இடையில்தான். திசை சார்ந்த கருதுகோளின் வலிமை, அது பொய்யாவதற்கான வாய்ப்பைத் தானே அகலத் திறந்து வைப்பதில் இருக்கிறது: முளைப்பு கூடினாலும் அது தோற்கும், மாறாமல் இருந்தாலும் தோற்கும். அத்துடன், உப்புநீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் மிகுதியாக இருப்பதால் விதை நீரை உறிஞ்சுவது கடினமாகிறது என்ற காரணத்தையும் மாணவர் தேடிக் கண்டறிய வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலே ஆய்வின் பாதி என்பேன்.

ஆனால் திசை சொல்வதற்கு ஒரு விலை உண்டு. பெரிய கூறுகளுக்கான (மாதிரிகளுக்கான) இயல்நிலைச் சோதனையில், 5 விழுக்காட்டு மிகைகாண் நிலைக்கு, அதாவது இல்லாத தொடர்பை இருப்பதாகத் தவறாகக் கொள்ளும் வாய்ப்பை 5 விழுக்காட்டிற்குள் வைக்க, இரு திசைகளையும் பார்க்கும் இருமுனைச் சோதனை, கணக்கிட்ட சோதனை மதிப்புக்கு 1.96 என்ற எல்லையைக் கேட்கிறது. சொன்ன ஒரு திசையை மட்டும் பார்க்கும் ஒருமுனைச் சோதனைக்கு 1.645 போதும். கிடைத்த மதிப்பு இவ்விரண்டுக்கும் இடையில், சொன்ன திசையிலேயே விழுந்தால், திசை சொன்னவருக்கு அது சான்றாகிறது, சொல்லாதவருக்கு ஆவதில்லை. இந்தச் சலுகைக்கு ஈடாக, முடிவு எதிர்த்திசையில் எவ்வளவு வலுவாக வந்தாலும், அதே சோதனையைக் கொண்டு அதனைக் கண்டுபிடிப்பாக அறிவிக்கும் உரிமையை ஒருமுனைச் சோதனையைத் தேர்ந்தவர் இழக்கிறார். தரவைப் பார்த்தபின் திசையைத் தேர்ந்துவிட்டு, முன்பே எண்ணியதுபோல் எழுதுவது இன்னும் மோசமானது. முடிவறிந்தபின் கருதுகோள் புனையும் இப்பழக்கத்தை உளவியலாளர் நார்பர்ட் கெர் 1998இல் விரிவாக விமர்சித்தார். எனவே கருதுகோளைத் தேதியிட்டு, சோதனை தொடங்கும் முன்பே வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது.

முந்தைய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படும்போதோ, இரு திசைகளுக்கும் சமமான காரணங்கள் இருக்கும்போதோ திசை சாராத வடிவமே நேர்மையானது. காரணத்தைத் தேடச் சோம்பி அதில் ஒதுங்குவதைத்தான் ஏற்க இயலாது.

எந்த வடிவமானாலும் சாரா மாறி (நாம் மாற்றிப் பார்ப்பது; இங்கு உப்பின் செறிவு), சார்ந்த மாறி (அதற்கேற்ப மாறுகிறதா என்று நாம் அளப்பது; இங்கு முளைப்பு) இரண்டும் அளக்கத்தக்க சொற்களில் இருக்க வேண்டும். 'உப்பு விதையைப் பாதிக்கும்' என்றால் முளைப்பு விழுக்காடா, வேரின் நீளமா, முளைக்க எடுக்கும் நேரமா என்பது தெரியாது. 'முளைத்தது' என்பதற்கும், முளைவேர் விதையுறையைக் கிழித்து 2 மில்லிமீட்டர் வெளிவருதல் என்பதுபோல் ஒரு வரையறையை முதலிலேயே எழுதிவிட்டால், விதைகளை எண்ணும்போது ஐயம் எழாது.