கரண்ட் போய் வரும் ஊரில் டாஸ்மோட்டாவும் ஹோம் அசிஸ்டன்ட்டும்: சில வருஷ அனுபவம்

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் பழைய வீட்டில் லைட், தண்ணீர் மோட்டார், டேங்க் மட்டம், வோல்டேஜ் எல்லாவற்றையும், வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளில் சேர்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அது ஓடும் சின்னக் கம்ப்யூட்டரைத்தான் கீழே ஹப் என்கிறேன். தொடங்கிச் சில வருஷம் ஆகிவிட்டது. சாதனங்களில் கம்பெனி ஏற்றிக் கொடுத்த மென்பொருளை அழித்துவிட்டு, சிலவற்றில் டாஸ்மோட்டா, சிலவற்றில் ஈஎஸ்பிஹோம் என்ற மாற்று மென்பொருளைப் போட்டிருக்கிறேன். முதல் மாதம் எந்த சாதனமும் நன்றாகத்தான் வேலை செய்யும். ஆடிக் காற்றையும் ஐப்பசி இடியையும் சித்திரை வெயிலையும் ஒரு சுற்று பார்த்த பிறகு எது நிற்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

சாதனத்துக்குள் இருக்கும் இந்த மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, ஏன் மாற்ற வேண்டும்? நான் முதலில் வாங்கிய ஸ்மார்ட் பிளக்கில் ஆப்பைத் தொட்டால், கட்டளை எங்கோ ஒரு சர்வருக்குப் போய்த் திரும்பி வந்துதான் பக்கத்து அறை லைட் எரிந்தது. எங்கள் பக்கம் மழை பிடித்தால் முதலில் போவது நெட். ஆப்பும் அதோடு போய்விடும். டாஸ்மோட்டா போட்டால் கட்டளை வீட்டு வைஃபையை விட்டு வெளியே போவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது ஊரெல்லாம் கரண்ட் இல்லை, நெட் இல்லை, செல்போன் டவரும் இல்லை. இன்வெர்ட்டரில் சார்ஜ் இருந்தவரைக்கும் டேங்கில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதை போனில் பார்த்துப் பார்த்துச் செலவழித்தோம். வீட்டு ரவுட்டரும் ஹப்பும் போதும், வெளியே எதுவும் தேவைப்படவில்லை.

டாஸ்மோட்டா சாதனமும் ஹப்பும் பேசிக்கொள்வது எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை வழியாக. நடுவில் தபால்காரர் மாதிரி மஸ்கிட்டோ என்ற மென்பொருள். 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் சேர்ந்து இந்த முறையை உருவாக்கியது பாலைவன எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாகக் கண்காணிக்க. இணைப்பு மெதுவாக இருக்கும், அடிக்கடி அறுந்துபோகும் என்பதைத் தெரிந்தே செய்தது. நம்மூருக்கு இது பொருந்திப்போவதில் வியப்பில்லை. ஒரு சாதனம் கரண்ட் போய்ப் படுத்துவிட்டால், அது முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வைத்த 'நான் இல்லை' என்ற செய்தியை மஸ்கிட்டோவே எல்லாருக்கும் சொல்லிவிடும். ஹப்பில் அந்த லைட் மங்கலாகத் தெரியும். எரிகிறதா இல்லையா என்று குழம்ப வேண்டாம்.

இனி கரண்ட் விஷயம். டாஸ்மோட்டாவில் ஒரு வசதி இருக்கிறது. சாதனத்தின் கரண்டை ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து விநாடிக்குள், அணைத்து அணைத்துப் போட்டு ஏழாவது தடவை அப்படியே விட்டுவிட்டால், எல்லா அமைப்பையும் அழித்துவிட்டுப் புதுசாக எழுந்திருக்கும். பாஸ்வேர்டு மறந்து மாட்டிக்கொண்டவருக்கு நல்ல வழி. ஆனால் காற்றுக் காலத்தில் தென்னை மட்டை லைனில் உரசினால் கரண்ட் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும்: வரும், போகும், வரும், போகும். அப்படி ஒரு ராத்திரிக்குப் பிறகு எங்கள் புறவாசல் லைட் ஹப்பில் இல்லை. வைஃபை பட்டியலைத் திறந்தால் டாஸ்மோட்டா என்ற பெயரில் புது நெட்வொர்க் ஒன்று நிற்கிறது. வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மறந்துவிட்டு யாராவது வந்து அமைத்துத் தருவார்களா என்று காத்திருக்கிறது லைட்டை அணைத்துப் போடும் அந்த ரிலே. இதற்கு மருந்து ஒரே வரி: டாஸ்மோட்டாவில் கட்டளை தட்டும் பக்கமான கன்சோலில் செட்ஆப்ஷன்65 என்பதை 1 ஆக்கிவிடுங்கள், அந்த வசதி அணைந்துவிடும். எங்கள் வீட்டில் எந்தச் சாதனத்துக்கும் வைஃபை கொடுத்த கையோடு செய்கிற அடுத்த வேலை இதுதான்.

ஈஎஸ்பிஹோமில் இதற்கு இணையான ஒன்று உண்டு. ஹப்பிலிருந்து 15 நிமிஷத்துக்கு யாரும் தொடர்புகொள்ளாவிட்டால் போர்டு தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். தொங்கிப்போன போர்டு தானாக மீள வேண்டும் என்பதற்காக வைத்தது. ஆனால் ஹப்பைக் கழற்றி ஒரு மத்தியானம் முழுக்கப் பழுது பார்த்தால், கால் மணிக்கு ஒரு தடவை ரிலே டக்கென்று விழுந்து எழும். அமைப்புக் கோப்பில் ஏபிஐ என்ற, ஹப்போடு பேசுவதற்கான பகுதியில் ரீபூட் டைம்அவுட்டை 0 விநாடி என்று எழுதினால் நிற்கும். வைஃபை பகுதியிலும் இதே வரி தனியாக உண்டு, அதையும் பாருங்கள்.

மோட்டார்தான் இந்த வீட்டில் முக்கியமான ஆள். இதில் நான் விடாப்பிடியாக இருப்பது ஒன்றில்: மோட்டாரை நிறுத்தும் முடிவு ஹப்பின் கையில் இருக்கக் கூடாது. ஹப் பார்க்கட்டும், சொல்லட்டும், கணக்கு வைக்கட்டும். நிறுத்துவது மோட்டார் பக்கத்திலேயே நடக்க வேண்டும். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது ரவுட்டர் தொங்கினால் யார் போய் நிறுத்துவது?

அதனால் ஏற்பாடு இப்படி. 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும் சின்ன ரிலேயில் மோட்டாரை நேரடியாக மாட்டவில்லை. கிளம்பும்போது மோட்டார் இழுக்கும் கரண்டுக்கு அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ரிலே, கனத்த கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரை மட்டும் இழுக்கிறது, கான்டாக்டர்தான் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிறது. தட்டட்டியில் இருக்கும் டேங்கின் ஃப்ளோட் சுவிட்ச் (மிதவை மேலே ஏறினால் அணையும் சுவிட்ச்) அந்தக் கான்டாக்டர் காயில் லைனிலேயே தொடராக இருக்கிறது. டேங்க் நிரம்பினால் எந்த மென்பொருளையும் கேட்காமல் மோட்டார் நிற்கும்.

அதற்கு மேல் டாஸ்மோட்டாவில் மூன்று காரியம். ஒன்று, பவர்ஆன்ஸ்டேட் 0, கரண்ட் வந்தால் அணைந்தபடியே எழும். டாஸ்மோட்டா தானாக வைத்திருப்பது 3, அதாவது கரண்ட் போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே திரும்பி எழும். லைட்டுக்கு அது சரி. மோட்டாருக்குக் கூடாது, ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்து மோட்டார் தானாக ஓடும். அடுத்தது பல்ஸ்டைம், போட்ட பிறகு எவ்வளவு நேரத்தில் தானாக அணைய வேண்டும் என்பது. 112-க்கு மேல் கொடுக்கும் எண்ணில் 100-ஐக் கழித்தால் வருவது விநாடி. 1300 என்று போட்டால் 1200 விநாடி, இருபது நிமிஷம். எங்கள் டேங்க் நிரம்ப அது தாராளம். அதைத் தாண்டி எந்தக் காரணத்துக்காகவும் ஓடாது. மூன்றாவது வோல்டேஜ். பிஸெம்-004டி என்ற அளவி ஒன்றைக் கூடவே மாட்டியிருக்கிறேன். சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட் எரியும் நேரத்தில் 190-க்குக் கீழே இறங்கும் நாள் உண்டு. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்து வைண்டிங் சூடாகும். அதனால் 190-க்குக் கீழே போனால் அணை என்று சாதனத்திலேயே ஒரு ரூல். கிளம்பும் நொடியில் வோல்டேஜ் எப்படியும் ஒரு முக்கு முக்கி இறங்கும் என்பதால், ரூல்டைமர் வைத்துச் சில விநாடி விட்டுத்தான் அது பார்க்கும்.

அதே அளவியால் எதிர்பாராத ஒரு லாபம். கீழ்த்தொட்டியில் தண்ணீர் தீர்ந்து மோட்டார் காற்றை இழுத்தால், வாட் கணக்கு பளிச்சென்று குறைந்துவிடுகிறது. வரைபடத்தில் பார்த்தால் சமதளத்திலிருந்து படி இறங்குவது போலத் தெரியும். அந்தப் படிக்கும் ஒரு ரூல் எழுதியாயிற்று. வறட்டு ஓட்டத்தில் சீல் போகாமல் காப்பாற்ற இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

எம்க்யூடிடியில் ரீடெய்ன் என்று ஒன்று உண்டு. கடைசிச் செய்தியை மஸ்கிட்டோ பத்திரமாக வைத்திருந்து, புதிதாக வந்து சேர்பவருக்கு எடுத்துக் கொடுக்கும். சென்சார் அளவுக்கு அருமையானது. மோட்டார் கட்டளைக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள். 'ஓடு' என்ற பழைய செய்தி அங்கே கிடந்தால், சாதனம் எழுந்து இணைந்த மாத்திரத்தில் அதை வாங்கிக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். பவர்ஆன்ஸ்டேட் 0 என்று வைத்ததற்கு அப்புறம் அர்த்தமே இல்லை.

டேங்க் மட்டம் பார்க்கத் தண்ணீரைத் தொடாமல் ஒலி அலையால் தூரம் அளக்கும் அல்ட்ராசானிக் சென்சார் வைத்திருக்கிறேன். முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது இதற்குத் தெரியாது. அதனால் மூடியில் ஓட்டை போட்டு, மேலே ஒரு துண்டு பிவிசி குழாய் வைத்து உயர்த்தி மாட்ட வேண்டும். மத்தியான வெயிலில் டேங்க் மூடிக்கு அடியில் ஆவி படிந்து முத்து முத்தாக நிற்கும். அதில் ஒரு துளி சென்சார் முகத்தில் ஒட்டினால், பாதியே இருக்கும் டேங்கை நிரம்பி வழிவதாகக் காட்டும். ஈஎஸ்பிஹோமில் மீடியன் ஃபில்டர் (பல அளவுகளில் நடுவில் வருவதை எடுப்பது) போட்டால் ஒற்றைத் தப்பு அளவுகள் போய்விடும், ஒட்டிக்கொண்ட துளி போகாது. அதனால்தான் இதை நம்பி மோட்டாரை விடவில்லை. பார்த்துக்கொள்ள மட்டும் இது, நிறுத்துவதற்கு ஃப்ளோட்.

லைட் சுவிட்சுகளில் அம்மா வைத்த நிபந்தனை ஒன்றுதான். "ஏல, சுவிட்சப் போட்டா லைட்டு எரியணும், அணைச்சா அணையணும். போன எடுத்து நான் தேய்ச்சுக்கிட்டு இருக்க மாட்டேன்." சரியான நிபந்தனை. ரிலேயைச் சுவிட்சுக்குப் பின்னால் வைத்து, சுவிட்ச் கம்பியை அதன் உள்ளீட்டில் கொடுத்தாயிற்று. ஹப் செத்தாலும் சுவிட்ச் வேலை செய்யும். பழைய வீட்டில் சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் வராது என்று பலர் தயங்குகிறார்கள். நம்மூர் போர்டில் பெரும்பாலும் ஒரு பிளக் பாயிண்டும் கூடவே இருக்கும். நியூட்ரல் அங்கேயே கிடைக்கும்.

வைஃபை பற்றி ஒரு வார்த்தை. ஈஎஸ்பி 8266 சிப் உள்ள இந்தச் சாதனங்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். தெரு வாசலில் தொடங்கிப் புறவாசல் வரை ரயில் மாதிரி நீண்ட வீடு, சுவரோ சுண்ணாம்புக் காரை பூசிய கனத்த சுவர். முன்கட்டில் ஒரு ரவுட்டர் வைத்தால் பின்கட்டுக்கு எட்டாது. பின்னால் கேபிள் இழுத்து இன்னொரு ஆக்ஸஸ் பாயிண்ட் வைத்த பிறகுதான் சாதனங்கள் அறுந்து அறுந்து ஒட்டுவது நின்றது.

ஹப்புக்கு ராஸ்பெரி பை 4. எஸ்டி கார்டில் ஓட்டாதீர்கள். எந்நேரமும் எழுதிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ், பட்டென்று போகும் கரண்ட், இரண்டும் சேர்ந்தால் கார்டு தாங்காது. எஸ்எஸ்டி போடுங்கள். ஹோம் அசிஸ்டன்ட்டுக்கு மாதா மாதம் புதுப் பதிப்பு வரும். நான் அதை மாதா மாதம் ஏற்றுவதில்லை. சில மாதத்துக்கு ஒரு தடவை, குறிப்பு முழுக்கப் படித்து, பேக்கப் எடுத்துவிட்டு.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: இப்போது கடையில் கிடைக்கும் மலிவு பிளக்குகள் பலவற்றில் ஈஎஸ்பி சிப் இல்லை, பீக்கன் சிப் இருக்கிறது. அதில் டாஸ்மோட்டா ஏறாது, ஓபன்பீக்கன் என்ற வேறு ஃபர்ம்வேர் வேண்டும். ஏற்றும்போது 3.3 வோல்ட் மட்டும் கொடுங்கள். யூஎஸ்பி கம்பி மாட்டியிருக்கையில் சாதனத்தை எக்காரணம் கொண்டும் 230 வோல்ட்டில் சொருகாதீர்கள். பல போர்டுகளில் உள்ளிருக்கும் கிரவுண்ட் நேராக மெயின் லைனோடு சேர்ந்தது. கம்ப்யூட்டர் போகும், ஆளும் போகலாம்.

அப்புறம் பல்லி. மோட்டார் அறைப் பெட்டியில் கதகதப்புக்குப் பல்லி வந்து உட்காரும். ரிலேக் காலுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே படுத்தால் அதுவும் செத்து போர்டும் கருகும். கேபிள் நுழையும் ஓட்டைகளை எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள், எறும்பும் வராது.

நான் வெளியூரில் இருக்கும்போது என்ன ஆகும் என்பதற்கும் வழி செய்து வைத்திருக்கிறேன். மோட்டார் போர்டில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு செலக்டர் சுவிட்ச். மேனுவலில் திருப்பினால் டாஸ்மோட்டா முழுக்க விலகிக்கொள்ளும். பழைய பச்சை, சிவப்புப் பொத்தான்களும் ஃப்ளோட்டும் மட்டும் இருக்கும். வயரிங் படத்தைப் பெரிய எழுத்தில் வரைந்து பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். வயரிங் செய்து கொடுத்த எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "இது இருந்தா போதும் தம்பி, நான் இல்லன்னாலும் எவனும் வந்து பாத்துக்கிடுவான்" என்றார். மற்ற போர்டுகளுக்கும் இதே மாதிரி படம் வரைந்துகொண்டிருக்கிறேன், இன்னும் பின்கட்டு பாக்கி.