சுழல் அச்சுக் கணக்கைப் போஸ்ட் போடுவதா, கன்ட்ரோலர் போடுவதா?

ஐந்து அச்சு மில்லிங் மெஷினுக்குப் போஸ்ட் பிராசஸர் (கேம் மென்பொருளின் டூல் பாதையை மெஷின் புரோகிராமாக மாற்றுவது, சுருக்கமாகப் போஸ்ட்) அமைக்க உட்காரும்போது முதலில் முடிவுசெய்ய வேண்டியது இதுதான்: டேபிள் சாய்ந்து சுற்றும்போது டூல் நுனி எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கு யார் பொறுப்பு? போஸ்ட்டுக்குள் எழுதும் மற்ற எல்லாமே இந்த முடிவைப் பொறுத்து மாறும். இங்கே ட்ரன்னியன் வகை மெஷினை எடுத்துக்கொள்வோம். ஏ அச்சில் சாயும் தொட்டில், அதன்மேல் சி அச்சில் சுற்றும் டேபிள். ஏ அச்சின் எல்லை −120 முதல் +30 டிகிரி; சி அச்சுக்கு எல்லை கிடையாது.

மெஷினை இயக்கும் கன்ட்ரோலரிடம் விடுவது டிசிபி வழி, அதாவது டூல் சென்டர் பாயின்ட்: டூல் நுனியைக் கன்ட்ரோலரே பிடித்துவைக்கும். ஃபானுக்கில் ஜி43.4, ஹைடன்ஹைனில் எம்128 அல்லது டிசிபிஎம், சீமென்ஸில் ட்ராஓரி, ஹாஸில் ஜி234. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். ஜாப்பின் (வெட்டும் பொருளின்) ஆயத்தில் டூல் நுனியின் எக்ஸ், ஒய், இசட் மதிப்புகளையும் ஏ, சி கோணங்களையும் மட்டும் போஸ்ட் எழுதும். டேபிளின் சுழல் மையம் எங்கே என்பது மெஷினின் பாராமீட்டரில் இருக்கும். ஃபானுக்கில் 19700 முதல் 19702 வரை. போஸ்ட்டுக்கு அது தெரியவே வேண்டாம். ஜாப்பை டேபிளில் எங்கே கட்டினாலும் ஜி54 (ஜாப்பின் பூஜ்யப் புள்ளி) எடுத்துவிட்டு ஓட்டலாம்.

போஸ்ட்டே கணக்குப் போடும் வழியில் எக்ஸ், ஒய், இசட் மூன்றும் ஏற்கெனவே சுழற்றப்பட்டுத்தான் வெளியே வரும். அதனால் கேமில் ஜாப் இருக்கும் இடமும் டேபிளில் அது உட்கார்ந்திருக்கும் இடமும் சுழல் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருந்தாக வேண்டும். ஜாப்பைப் பிடிக்கும் ஃபிக்ஸ்சர் 2 மி.மீ. நகர்ந்தால் புரோகிராமை மறுபடி போஸ்ட் செய்ய வேண்டும். தலை சாயும் மெஷினில் டூல் நீளமும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். டூலை மாற்றினாலே புதுப் புரோகிராம்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் இரண்டு பிளாக்குகளுக்கு (புரோகிராம் வரிகளுக்கு) நடுவே இருக்கிறது. டிசிபி இல்லாதபோது கன்ட்ரோலர் ஐந்து அச்சுகளையும் நேர்க்கோட்டு விகிதத்தில்தான் நகர்த்தும். ஆனால் டேபிள் சுற்றுவதால் நுனி ஜாப்பின் மேல் வளைவாகப் போகும். சுழல் அச்சிலிருந்து வெட்டும் இடம் 200 மி.மீ. தள்ளி இருந்து, ஒரு பிளாக்கில் 5 டிகிரி திரும்பினால் நடுவில் விலகல் 0.19 மி.மீ. அதையே 1 டிகிரியாக உடைத்தால் 0.008 மி.மீ. ஆகக் குறையும். 0.01 மி.மீ. டாலரன்ஸ் வேண்டுமென்றால் ஒரு பிளாக்குக்கு 1.15 டிகிரிக்கு மேல் விடக்கூடாது. 90 டிகிரி திரும்ப 79 பிளாக். போஸ்ட்டில் இந்த உடைப்பை இயக்காமல் விட்டால் சிமுலேஷனில் வழவழப்பாகத் தெரிந்த பரப்பு மெஷினில் பள்ளமோ மேடோ ஆகிவிடும்.

அடுத்தது ஃபீடு, டூல் நகரும் வேகம்; புரோகிராமில் எஃப். நிமிடத்துக்கு இத்தனை மி.மீ. என்று எண்ணும் சாதாரண ஜி94-இல் சுழல் அச்சின் டிகிரியையும் கன்ட்ரோலர் மி.மீ. போலவே எண்ணும். எஃப்1000 கொடுத்து டேபிள் மட்டும் சுற்றினால் வேகம் நிமிடத்துக்கு 1000 டிகிரி, 200 மி.மீ. ஆரத்தில் அது நிமிடத்துக்கு 3490 மி.மீ. டூல் தாங்காது. நேர்மாறாக, நுனி 2 மி.மீ. மட்டும் நகர்ந்து டேபிள் 40 டிகிரி திரும்பும் பிளாக், 0.12 விநாடியில் முடிய வேண்டியது, 2.4 விநாடி எடுக்கும். அந்த இடத்தில் டூல் தேய்த்துக்கொண்டே நிற்கும். தீர்வு ஜி93, அதாவது இன்வர்ஸ் டைம்: பிளாக் எவ்வளவு நேரத்தில் முடிய வேண்டும் என்பதை எஃப் சொல்லும். நுனியின் வேகத்தை அந்த பிளாக்கின் நீளத்தால் வகுத்து எஃப் எழுத வேண்டும்: 1000-ஐ 2-ஆல் வகுத்தால் எஃப்500. ஜி93-இல் ஒவ்வொரு வெட்டு பிளாக்கிலும் எஃப் இருந்தாக வேண்டும். முந்தைய மதிப்பேதானே என்று போஸ்ட் அதை விழுங்கிவிட்டால் அலாரம் வரும். மிகச் சிறிய பிளாக்குகளில் எஃப் லட்சத்தைத் தொடும் என்பதால் கன்ட்ரோலர் ஏற்கும் உச்சவரம்பையும் போஸ்ட்டில் வைக்க வேண்டும்.

ஆகவே கன்ட்ரோலரில் டிசிபி இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். இதில் தயங்க ஒன்றுமில்லை. சுழல் மையம் பிசகினால் இரு வழியிலும் ஜாப் கெடும். ஆனால் டிசிபியில் ஒரே பாராமீட்டரைத் திருத்தினால் எல்லாப் புரோகிராமும் சரியாகும். மறுவழியில் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். டிசிபி ஆப்ஷன் வாங்காத கன்ட்ரோலர் என்றால் வேறு வழியில்லை. இலவசக் கன்ட்ரோலர் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சி ஓட்டுபவர்களுக்கு எக்ஸ்ஒய்இசட்ஏசி-டிஆர்டி-கின்ஸ் என்ற மாட்யூல் இருக்கிறது. இதே வேலையைச் செலவில்லாமல் செய்யும். கோணத்தைப் பூட்டிவிட்டு வெட்டும் 3+2 வேலை மட்டும் என்றால் டிசிபி தேவையே இல்லை, ஆயத்தைச் சாய்ந்த தளத்துக்குத் திருப்பும் ஜி68.2 போதும். அங்கே ஒரு பொறி உண்டு: அந்தத் தளத்துக்கு டூலைச் செங்குத்தாக்கும் ஜி53.1 கொடுத்தால் கோணத்தைக் கன்ட்ரோலரே தேர்ந்தெடுக்கும். போஸ்ட் ஏ−20 சி0 என்று நினைத்திருக்க, மெஷின் ஏ20 சி180 போய் நிற்கலாம். வெட்டு சரியாகவே வரும். கிளாம்ப் இருக்கும் பக்கம்தான் மாறியிருக்கும்.

டிசிபி வழியில் அடிக்கடி நடக்கும் தவறு இரட்டைச் சுழற்சி. ஆட்டோடெஸ்க் போஸ்ட்டில் ஆப்டிமைஸ்மெஷின்ஆங்கிள்ஸ்2 என்ற ஃபங்ஷனுக்கு 0 கொடுத்தால் நுனி அப்படியே வெளிவரும். 1 கொடுத்தால் போஸ்ட் சுழற்றி எழுதும். 1 வைத்துவிட்டு ஜி43.4-உம் போட்டால் இரண்டு பேரும் சுழற்றுவார்கள். ஏ0 சி0-வில் இது தெரியவே தெரியாது. முதல் சாய்வில்தான் டூல் வேறெங்கோ போகும். இன்னொன்று, டிசிபி இயங்கும்போது ஏ அச்சை 90 டிகிரி திருப்பினால் நுனியைப் பிடித்துவைக்க ஒய், இசட் அச்சுகள் நெடுந்தூரம் ஓடி லிமிட்டில் முட்டலாம். இசட்டை மேலே தூக்கி, ஏ, சி இரண்டையும் திருப்பி நிறுத்திய பிறகே ஜி43.4 வர வேண்டும். டூல் மாற்றும் முன் ஜி49 கொடுத்து டிசிபியை நிறுத்த வேண்டும்.

கோணத்துக்குப் பதில் டூலின் திசையை வெக்டராக எழுதவும் முடியும்: ஜி43.5-இல் ஐ, ஜே, கே. சீமென்ஸில் ஏ3, பி3, சி3. ஒரே புரோகிராம் பல மெஷினில் ஓடும் என்பது இதன் கவர்ச்சி. ஆனால் எல்லையைத் தாண்டுகிறதா என்று போஸ்ட் பார்க்காது. ஓட்டுபவர் பிளாக்கைப் பார்த்து டேபிள் எங்கே போகப்போகிறது என்று ஊகிக்கவும் முடியாது. பட்டறையில் ஒரே மெஷின் இருந்தால் கோணமே மேல்.

ஏ30 சி0-வும் ஏ−30 சி180-உம் டூலுக்கு ஒரே திசை. எதை எடுப்பது என்பதைப் போஸ்ட்டின் பிரிஃபரன்ஸ் தீர்மானிக்கும். நம் மெஷினில் +30-க்கு மேல் இடமில்லாததால் மைனஸ் பக்கத்தையே வைக்க வேண்டும். பிளஸ் பக்கத்தில் தொடங்கிய பாதை 31 டிகிரி கேட்டால் டூலைத் தூக்கி, டேபிளைத் திருப்பி, மறுபடி இறக்க வேண்டும். இறங்கிய இடத்தில் தடம் விழும். ஹாஸ் யுஎம்சி-750 போன்றவற்றிலும் சாய்வு ஒரு பக்கம் 35 டிகிரியோடு நின்றுவிடும்.

சி அச்சை 0–360-க்குள் சுருட்டி எழுதுவதா, 725, 1090 என்று ஏற்றிக்கொண்டே போவதா? இது மெஷினின் அமைப்போடு ஒத்துப்போக வேண்டும். ஃபானுக்கில் 1008 பாராமீட்டரின் முதல் பிட் சுருட்டலை இயக்கும். அடுத்த பிட் 0 என்றால் குறுக்கு வழியில் திரும்பும். சுருட்டல் இயங்காத மெஷினில் சி350-க்குப் பின் சி10 எழுதினால் 20 டிகிரிக்குப் பதில் 340 டிகிரி பின்னோக்கிச் சுற்றும், அதுவும் டூல் ஜாப்பில் இருக்கும்போதே. ஏற்றிக்கொண்டே போகும் முறையில் இந்த ஆபத்து இல்லை. முடிவில் சி0-வுக்கு அனுப்பினால் சுற்றிய அத்தனை சுற்றையும் அவிழ்க்கும், அவ்வளவுதான். குறுக்கு வழி முறையில் ஒரு பிளாக்கின் திருப்பம் 180-ஐத் தொட்டால் எந்தப் பக்கம் போகும் என்பது கேள்வி, ஆகவே அதற்குள் உடைக்க வேண்டும்.

டூல் செங்குத்தை ஒட்டி வரும்போது இரண்டு வழியும் திணறும். அரை டிகிரி சாய்விலிருந்து எதிர்ப்புற அரை டிகிரிக்கு நேராகக் கடக்காமல் சற்று ஒதுங்கிப் போனாலும் சி அச்சு கிட்டத்தட்ட 180 திரும்பும். சி அச்சின் உச்ச வேகம் 25 ஆர்பிஎம் என்றால் 1.2 விநாடி, அவ்வளவு நேரம் நுனி ஒரே இடத்தில் தேயும். போஸ்ட்டின் சிங்குலாரிட்டி அமைப்பு இதை ஓரளவு தணிக்கும். கேமில் டூலுக்கு முன்சாய்வு கொடுத்து அந்தப் பகுதியைத் தவிர்ப்பதே நல்லது.

அச்சின் திசைக்குறியைப் படம் பார்த்து நம்பக்கூடாது. ஐஎஸ்ஓ 841 டூல் நகர்வதாக வைத்துக் குறியை வரையறுக்கிறது; டேபிள் சுற்றினால் கண்ணுக்குத் தெரியும் திசை எதிராக இருக்கும், எல்லா மெஷினும் அதைப் பின்பற்றுவதுமில்லை. ஒரு அலுமினியக் கட்டையின் நான்கு பக்கமும் 45 டிகிரியில் சாய்தளம் வெட்டுங்கள், ஆழம் 1, 2, 3, 4 மி.மீ. என்று வேறுவேறாக. சி-யின் குறி தவறாக இருந்தால் 0, 180 பக்கங்கள் சரியாகவே வரும். 90-உம் 270-உம் இடம் மாறியிருக்கும். ஆழம் ஒரே அளவாக இருந்தால் இந்தத் தவறு கண்ணில் படாது.

குறி சரியான பிறகே மையத்தைச் சோதிக்க வேண்டும். ஸ்பிண்டிலில் உருண்டை, டேபிளில் டயல், டிசிபி இயக்கத்தில் ஏ0-விலிருந்து ஏ−90. இசட் மையம் 0.05 மி.மீ. பிசகியிருந்தால் ஒய், இசட் இரண்டு திசையிலும் டயல் 0.05 காட்டும். சி அச்சை 180 திருப்பினால் பிசகு இரட்டிப்பாகத் தெரியும். அங்கே காட்டியதில் பாதியைத்தான் பாராமீட்டரில் திருத்த வேண்டும்.