யாகுல்ட்: வயிற்றுக்குச் சரி, மனத்துக்கு?

குடல் நுண்ணுயிரிகளுக்கும் மூளையின் வேதியியலுக்கும் தொடர்பு உண்டு என்ற செய்தி பரவிய பிறகு, நன்மை தரும் பாக்டீரியா கலந்த பால் பானமான யாகுல்ட்டைக் குடித்தால் மனச்சோர்வும் பதற்றமும் குறையும் என்று நம்பி வாங்குவோரைப் பார்க்க முடிகிறது. அந்த எதிர்பார்ப்பை முன்வைத்தே இப்பானத்தை மதிப்பிடுகிறேன்.

இந்தியாவில் இது ஐந்து சிறு குப்பிகள் கொண்ட கட்டாக விற்கப்படுகிறது. சிவப்புத் தகட்டு மூடியைக் கிழித்தால், மோரைப் போல நீர்த்து, இனிப்பும் இலேசான புளிப்பும் கலந்த 65 மில்லி பானம் இருக்கும்; அடியில் பால் படிந்திருப்பதால் முதலில் குலுக்கிக்கொள்வது நல்லது. இனிப்பு என் நாக்குக்கு மிக அதிகம். ஜப்பானிய மருத்துவர் மினோரு ஷிரோட்டா 1930-இல் வளர்த்தெடுத்த லாக்டோபேசில்லஸ் கேசி ஷிரோட்டா என்ற பாக்டீரியா ஒரு குப்பியில் 650 கோடி உள்ளது.

மனநிலையோடு தொடர்புடைய வேதிப்பொருளான செரோட்டோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது என்பது உண்மையே. ஆனால், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பை அது கடப்பதில்லை என்பதை விளம்பரத் தொனியில் எழுதுவோர் சொல்வதில்லை. குடலின் செய்தி மூளையை எட்டுவது குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு, நோயெதிர்ப்பு மண்டலம், மூளைக்குள் செரோட்டோனினாக மாறக்கூடிய டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் போன்ற வழிகளில்தான். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் கொடுக்கப்பட்ட எலிகளின் பதற்றம் குறைந்தது. வேகஸ் நரம்பைத் துண்டித்ததும் அந்தப் பலன் மறைந்தது. ஆனால் அது யாகுல்ட்டில் இருப்பதல்ல, வேறு பாக்டீரியா. அதே வகையை ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பலன் தெரியவில்லை.

யாகுல்ட்டின் சொந்தப் பாக்டீரியாவைப் பற்றிய சான்றும் அவ்வளவு வலுவானதல்ல. 2007-இல் வெளியான ஆய்வில் 132 பேர் மூன்று வாரங்கள் இதே 65 மில்லி அளவையோ, ஒப்பீட்டுக்காக அந்தப் பாக்டீரியா இல்லாத போலிப் பானத்தையோ அருந்தினர். தொடக்கத்திலேயே மனநிலை தாழ்ந்திருந்த மூன்றில் ஒரு பங்கினரிடம் மட்டுமே முன்னேற்றம் தென்பட்டது. ஜப்பானிய மருத்துவ மாணவர்கள் தேர்வுக்கு முன் எட்டு வாரங்கள் அருந்திய ஆய்வில் வயிற்றுக் கோளாறுகள் குறைந்தன. ஆனால் அங்கே கொடுக்கப்பட்டது 100 மில்லியில் 10,000 கோடி பாக்டீரியா, அதாவது நம் குப்பியைப் போலப் பதினைந்து மடங்கு; ஆய்வாளர்களில் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தாரும் இருந்தனர். மன அழுத்தத்துக்கும் உறக்கத்துக்கும் என்று ஜப்பானில் விற்கப்படும் ‘யாகுல்ட் 1000’ இந்த அளவிலானது. அதன் புகழை நம் கடைக் குப்பியின் மேல் ஏற்றிச் சொல்வது நியாயமல்ல.

மேலும், குடல் நுண்ணுயிரிகளுக்கு உணவாகும் நார்ச்சத்து இப்பானத்தில் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2017-இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வுக்குள்ளான 67 பேரில் ஒரு பகுதியினர் காய்கறி, பருப்பு, முழுதானியம், மீன் ஆகியவை மிகுந்த உணவுக்கு 12 வாரங்கள் மாறினர். அவர்களில் 32 சதவீதத்தினரும், உரையாடல் துணை மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதத்தினரும் நோயிலிருந்து மீண்டனர். சிறிய ஆய்வுதான், என்றாலும் இனிப்புக் குப்பியைவிடக் கீரையும் சுண்டலும் தயிரும் எனக்கு நம்பிக்கை தருகின்றன. (இட்லி மாவின் பாக்டீரியாக்கள் ஆவியிலேயே மடிந்துவிடும் என்பதால் இட்லியை இந்தப் பட்டியலில் சேர்க்க இயலாது.)

செரிமானத்துக்காக, சுவை பிடித்து வாங்குபவர்கள் தாராளமாக வாங்கலாம். குளிர்பெட்டிக்கு வெளியே அடுக்கியிருக்கும் கட்டை மட்டும் எடுக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் சர்க்கரை குறைந்த ‘லைட்’ வகையையும் மருத்துவரிடம் கேட்டே அருந்த வேண்டும். மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்பவர்கள் இதை நம்பி அதை நிறுத்தவே கூடாது.